‘கொல்’ என்னும் ஐயச்சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனைப் பற்றிப் பேராசிரியர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். யாம் பேராசிரியரும் அல்லோம், புலவரும் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர். அன்று முதல் கோப்புகளோடும் பேரேடுகளோடும் காலம் கழித்து வருகிறோம். தமிழ் நூல்களைப் படிப்பது இரவில், வீட்டார் உறங்கிய பின்னர்தான். ஆகவே செயலாளர் அவர்கள் எம்மைப் பேசும்படி வற்புறுத்தியபோது, காவியத்தைப் பற்றிப் பேச எமக்குத் தகுதியில்லை, ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னோம். அவரும் சரி என்றார். அச்சொல் ‘கொல்’ என்பது.

இதைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டா. கொலை செய் என்று ஏவும் வினைச்சொல் வேறு. யாம் சொல்லப்போவது வேறு. இது ஓர் இடைச்சொல். தனித்து நிற்காது; பிற சொல்லைச் சார்ந்தே நிற்கும். ‘இது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை’ என்று சொல்லவேண்டிய இடத்தில் பண்டைத் தமிழர் இந்தச் சிறு சொல்லை ஒட்டவைத்தனர். மரம்கொல், மகன்கொல் என்றால் மரமோ மனிதனோ என்று பொருள்.

இச்சொல்லின்மேல் எமக்குப் பற்று உண்டானதற்குக் காரணம் எம் தொழில். முன்பு சில ஆண்டுகள் நிலையத்தில் விசாரணைச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருந்தோம். அங்கே வருவோர் கேட்பதெல்லாம் ஐயமே. அச்சாளரத்தின் முன் நின்ற நம்மவர்களிடம் ஒன்றைக் கவனித்தோம். அவசரக்காரர், “வண்டி நேரத்துக்கு வருமா?” என்பார். அது எம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. விடை சொல்வது எம் கடமை. ஆனால் ஊரிலிருந்து வரும் மகளை எதிர்பார்த்து நிற்கும் ஒரு தாய், “வண்டி நேரத்துக்கு வருமோ?” என்பார். அது எம்மைக் கேட்பது அன்று. தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்வது. ‘ஆ’ என்பது பிறரை வினவுகிறது. ‘ஓ’ என்பது தனக்குள் ஐயுறுகிறது. ஓரெழுத்து வேறுபாட்டில் இத்தனை வேறுபாடு இருப்பதை இலக்கண நூலைப் பார்த்து அறிந்தோம் அல்லோம். சாளரத்தின் கம்பிக்கு இப்புறம் அமர்ந்து அறிந்தோம்.

பின்னரே தொல்காப்பியத்தைப் புரட்டினோம். சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவது இடையியல். அங்கே ‘கொல்’லுக்கு ஒரு நூற்பா இருக்கிறது. தொல்காப்பியர் ஓகாரத்துக்கு ஆறு பொருள் கூறுகிறார். உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறார். கொல்லுக்கோ ஒரே பொருள்தான் தருகிறார்: ஐயம். அந்நூற்பாவும் மிகச் சிறியது. ஐயத்துக்கென்றே தனியாக ஒரு சொல்லை ஒதுக்கி வைத்திருந்த மொழி நம் மொழி என்பது அதனால் தெரிகிறது.

அதனினும் வியப்பானது ஒன்று உண்டு. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், ஐயமுற்றபோது எப்படிப் பேசவேண்டும் என்று ஆசிரியர் விதி செய்திருக்கிறார். அந்தி மயங்கும் நேரம். தொலைவில் ஓர் உருவம் தெரிகிறது. மனிதர் என்பது தெரிகிறது. ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை. அப்போது அவன் என்றும் சொல்லாதே, அவள் என்றும் சொல்லாதே, பன்மையால் சொல் என்கிறார். மனிதன்தானா அல்லது வெட்டி நின்ற மரக்கட்டையா என்பதே தெரியவில்லையா? அப்போது ‘உரு’ என்று பொதுவாகச் சொல் என்கிறார். எவ்வளவு நேர்மையான இலக்கணம்! தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிடாமல் நாவைக் காப்பதற்கு விதி வகுத்திருக்கிறார்.

இரயில்வேயிலும் இதைப்போன்ற விதி ஒன்று உண்டு. டில்லியின் மார்கழி, தை மாதத்து மூடுபனியை நீங்கள் அறிவீர்கள். காலை எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியாது. அப்பனியில் வண்டியோட்டும் எம் நண்பர் சொல்வார்: “முன்னே கறுப்பாக ஏதோ தெரியும். அது மாடா, ஆளா, வெறும் நிழலா என்று எண்ணிப் பார்க்க நேரம் இராது.” கைகாட்டியின் விளக்கு அணைந்திருந்தாலோ, அது காட்டும் குறி தெளிவாகத் தெரியாவிட்டாலோ, ‘பச்சையாகத்தான் இருக்கும்’ என்று எண்ணிக்கொண்டு போக ஓட்டுநருக்கு உரிமையில்லை. அக்கைகாட்டி காட்டக்கூடிய குறிகளுள் எது மிகுதியாகத் தடுக்குமோ அதையே காட்டுவதாகக் கொள்ளவேண்டும். இதுவே விதி. ஐயத்தை ஐயமாகவே மதிப்பதால்தான் பல்லாயிரம் பேர் வீடு போய்ச் சேருகின்றனர்.

இனி வள்ளுவரிடம் செல்வோம். நூலின் இரண்டாம் குறளிலேயே கொல் வந்துவிடுகிறது. ஆயினும் இச்சொல் முழு அழகோடு விளங்குவது காமத்துப்பாலில். அப்பாலின் முதற்குறள், அதாவது 1081ஆம் குறள், முற்றிலும் ஐயமே. தலைவியை முதன்முறை கண்ட தலைவன் நெஞ்சம் மயங்குகிறான். தெய்வமகளோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று திகைக்கிறான். ஏழு சீரில் கொல் மூன்று முறை வருகிறது. காதலின் தொடக்கமே ஐயம் என்பது நம் அகப்பொருள் மரபு. காட்சி, அதன்பின் ஐயம், அதன்பின் தெளிவு. கண்டவுடன் தெளிந்துவிட்டேன் என்பவனை நம் புலவர்கள் நம்பவில்லை போலும்!

நம்போன்ற வெளியூர்க்காரர்களின் உள்ளத்தைத் தொடும் குறள்கள் வேறு. 121ஆம் அதிகாரமாகிய நினைந்தவர் புலம்பலில் அவை இருக்கின்றன. தலைவன் பிரிந்து போயிருக்கிறான். தலைவிக்குத் தும்மல் வருவதுபோல வந்து, வராமல் அடங்கிவிடுகிறது. நம்மை யாரேனும் நினைத்தால் தும்மல் வரும் என்பது அக்கால நம்பிக்கை. அவர் என்னை நினைப்பதுபோல் தொடங்கி நினையாமல் விட்டுவிட்டாரோ என்று அவள் ஏங்குகிறாள். அடுத்த குறளில், அவர் என் நெஞ்சில் நிறைந்திருக்கிறார். நானும் அவர் நெஞ்சில் இருக்கிறேனோ என்று கேட்கிறாள். இரண்டிலும் ஏக்கத்தைத் தாங்கி நிற்பது கொல் என்னும் சொல்லே. நமக்கோ தும்மல் போய்ப் புரையேறுதல் வந்திருக்கிறது. சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையைத் தட்டி, “ஊரில் யாரோ நினைக்கிறார்கள்” என்கிறோம். ‘யார்’ என்பதோடு ஓகாரம் சேர்ந்து ‘யாரோ’ ஆகிறது. அந்த ஓகாரத்தில் நம் தாயும் இருக்கலாம். கடன் கொடுத்தவரும் இருக்கலாம்!

மக்கட்பேற்று அதிகாரத்தின் கடைசிக் குறளையும் இங்கே சொல்லவேண்டும். மகன் தந்தைக்குச் செய்யத்தக்க உதவி, இவனைப் பெற என்ன தவம் செய்தானோ இவன் தந்தை என்று ஊரார் சொல்லும்படி வாழ்வது என்பது அதன் கருத்து. யாம் ‘செய்தானோ’ என்று சொன்ன இடத்தில் வள்ளுவர் சொல்வது கொல். பழைய வீட்டில் கொல் இருந்த அறையில் இன்று ஓகாரம் குடியிருப்பதற்கு இது ஒரு சான்று. எம் தந்தையாரை நினைக்கும்போதெல்லாம் இக்குறள் எம்மைக் குத்தும். அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறோம்.

கொல் எப்படி மறைந்தது? ஒரு சொல் ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் அது பொருளை இழக்கிறது. தொல்காப்பியர் ஐயம் ஒன்றே பொருள் என்றார். பிற்காலத்தில் நன்னூல் செய்த பவணந்தியார், ஐயம் என்றும் சொல்லி, அசைநிலை என்றும் சேர்த்துக்கொண்டார். அசைநிலை என்றால் பொருளின்றிச் செய்யுளை நிரப்ப வருவது. இரண்டாம் குறளில் வரும் கொல்லைப் பரிமேலழகர் அசைநிலை என்றே எழுதினார். அவர் பெரியவர், அவர் சொன்னது அவ்விடத்துக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆயினும் ஒரு கடைநிலை எழுத்தரின் மனத்தில் ஒன்று படுகிறது. எந்தச் சொல்லை நாம் ‘இதற்கு இங்கே பொருளில்லை’ என்று தள்ளப் பழகுகிறோமோ, அந்தச் சொல் சில தலைமுறைகளில் நாவை விட்டே போய்விடுகிறது.

கொல் போனாலும் ஐயம் போகவில்லை. அதன் சொத்து பல வாரிசுகளுக்குப் பிரிந்து போயிற்று. பாகம் பிரித்ததில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பெற்றனர். மூத்த பங்கு ஓகாரத்துக்கு. யாரோ, எங்கோ, ஏனோ, என்றோ, என்னவோ எல்லாம் அதன் ஆட்சி. ‘போலும்’ என்பது கண்ணால் கண்ட ஓர் அடையாளத்தைக் கொண்டு ஊகிப்பது. வாசலில் செருப்புக் கிடக்கிறது. மாமா வந்துவிட்டார் போலும். ‘ஆம்’ என்பது காதால் கேட்டது. திருமணப் பேச்சில் இதன் அருமை தெரியும். “பையனுக்குச் சொந்த வீடு இருக்கிறது” என்று தரகர் சொன்னால் அது உறுதிமொழி. “சொந்த வீடு இருக்கிறதாம்” என்றால், ‘நான் பார்க்கவில்லை, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்று பொருள். பெண்ணைப் பெற்றவர் அந்த ஆமைக் கேட்டவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு விசாரிக்கப் புறப்பட வேண்டும்.

இன்னும் ஒன்று நம் வீடுகளில் அன்றாடம் வழங்குகிறது. அதன் பெருமையை நாம் அறிவதில்லை. உம்மையின் எட்டுப் பொருள்களுள் ஐயமும் ஒன்று என்று தொல்காப்பியர் சொன்னார் அல்லவா? “சித்தப்பா வந்தாலும் வருவார், ஒரு பிடி அரிசி கூடப் போடு” என்று எம் அன்னையார் சொல்வார். அந்த உம்மை அதே பழைய ஐய உம்மைதான். எம் அன்னையார் பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கிய அளவுகூடக் கண்டவர் அல்லர். தொல்காப்பியம் அவர் அடுப்பங்கரையில் கேட்பாரின்றி வாழ்கிறது.

‘வரலாம்’ என்பது மற்றொன்று. வரல் ஆம், அதாவது வருவது ஆகும் என்பதே அதன் அமைப்பு. இசைவு தருவதற்கும் அதுவே, ஐயத்துக்கும் அதுவே. “உள்ளே வரலாம்” என்றால் இசைவு. “நாளை மழை வரலாம்” என்றால் ஐயம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, “மழைக்கு யார் பர்மிஷன் கொடுத்தார்கள்?” என்று கேட்டாள். அதே வகுப்பில் ஆத்திசூடி நடந்த அன்று இதைவிட வேடிக்கை நிகழ்ந்தது. ஔவையார் ஐயம் என்று சொன்ன இடத்தில் அதற்குப் பொருள் இரப்பவர்க்கு இடும் பிச்சை. ஐயம் என்றால் டவுட் என்று முந்தின வாரம் படித்திருந்த பையன் ஒருவன், “சோற்றுக்கு முன்னால் டவுட்டை எப்படிப் போடுவது?” என்றான். சிரித்தோம். ஆனால் அவன் கேள்வியில் பிழையில்லை. அவன் கேட்டதும் ஓர் ஐயவினாவே. வினா ஆறு வகை என்று வகுத்த நன்னூலார் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்.

நம் பிள்ளைகளின் தமிழில் இவ்வாரிசுகள் எல்லாம் இருக்கின்றனவா? கரோல்பாக்கிலோ, இராமகிருஷ்ணபுரத்திலோ, மயூர் விஹாரிலோ, நம் காலனியிலோ, பிள்ளைகள் கூடிப் பேசும் இடத்தில் சற்றே நின்று கேளுங்கள். ஓ, போலும், ஆம், லாம், வந்தாலும் வருவார் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: ‘ஷாயத்’. “மாமா ஷாயத் வந்துட்டார்.” “ஷாயத் நாளைக்கு லீவு.” யாம் அச்சொல்லைப் பழிக்கவில்லை. எம் அலுவலகத்தில் உருது படித்த லக்னோ நண்பர் ஒருவர் இருக்கிறார். அது பாரசீகச் சொல் என்றும், பொருந்தும், தகும் என்பதே அதன் வேர்ப்பொருள் என்றும் அவர் எமக்கு விளக்கினார். நம் ‘லாம்’ நடந்த வழியிலேயே அதுவும் நடந்து ஐயத்தை அடைந்திருக்கிறது. நல்ல சொல், உறவுச்சொல்போல எமக்குத் தோன்றியது. இந்தியிலும் ஐயத்தைப் பல வகையில் சொல்ல வழியுண்டு. ஆனால் நம் பிள்ளைகள் தமிழ் பேசும்போது அந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்து, நம்முடைய ஐந்தாறு சொற்கள் செய்த வேலையையும் அதன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். கண்டு ஊகித்தேனா, காதால் கேட்டேனா, எனக்குள் ஏங்குகிறேனா என்பது ஒன்றும் அதில் தெரிவதில்லை. பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை. அலுவலகத்திலிருந்து களைத்து வந்து அதே சொல்லை வீட்டில் சொல்பவர்கள் நாமே.

ஓர் ஐயம் காற்றில் போய்விட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இளங்கோவடிகளைக் கேட்போம். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் பாண்டியனிடம் சென்று, திருடன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். ஊடல்கொண்டு போன அரசியைத் தேடி விரைந்துகொண்டிருந்த அரசன் ஊர்க்காவலரை அழைத்து ஆணையிடுகிறான். அந்த ஆணையில் ஓர் ‘ஆகில்’ இருந்தது. சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் என்றுதான் அவன் தொடங்கினான். அவன் சொன்னதில் ஐயத்துக்கு இடம் இருந்தது. அவன் உள்ளத்தில் ஐயம் இல்லை. கையில் உள்ள சிலம்பு அரசியின் சிலம்புதானா என்று எவரும் ஆராயவில்லை. காவலர் கோவலனைப் பார்த்து, இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்று தயங்கவே செய்தனர். அந்த நல்ல ஐயத்தைப் பொற்கொல்லன் கள்வர் நூலை விரித்துப் பேசியே அடக்கிவிட்டான். கடைசியில் கல்வியறிவில்லாத ஒருவன் வாளை வீசினான்.

அதன்பின் மதுரைத் தெருக்களில் கண்ணகி கேட்கும் கேள்விகள் ஊர்சூழ் வரியில் இருக்கின்றன. இவ்வூரில் பெண்டிரும் இருக்கிறார்களோ, சான்றோரும் இருக்கிறார்களோ, தெய்வமும் இருக்கிறதோ என்று கேட்கிறாள். ஒவ்வொரு கேள்வியிலும் கொல். அங்கே அது ஐயம் அன்று, நெருப்பு. பின்னர் வழக்கு மன்றத்தில் உண்மை விளங்கியபோது பாண்டியன் தன்னைப் பற்றிச் சொல்வதில் முதலில் ஓர் ஓகாரமும் அடுத்து ஓர் ஏகாரமும் வருகின்றன. தான் அரசன் என்பதை ஓகாரத்தால் மறுக்கிறான். தான் கள்வன் என்பதை ஏகாரத்தால் உறுதி செய்கிறான். முதல் நாளே அவன் உள்ளத்தில் ஓர் ஓகாரம் எழுந்திருந்தால் மதுரை எரிந்திராது. கொல்லன், கொலை, ஐயத்தைக் காட்டும் கொல் ஆகிய மூன்றும் ஒரே கதையில் கூடியது தற்செயலோ, அடிகள் கருதியதோ, யாம் அறியோம்.

அரசர் கதை இருக்கட்டும். எம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சபையில் சொல்லலாமோ என்று பல நாள் தயங்கினோம்.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி வாரம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம். அலுவலகத்தில் தலைதூக்க நேரமில்லை. கைப்பேசியை அணைத்து மேசைக்குள் போட்டிருந்தோம். கும்பகோணத்துக்கு அருகில் எம் சிற்றூரில் தந்தையார் நோயுற்றிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் எம் தமையனார் வீட்டுத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். இல்லாள் கடைக்குச் சென்றிருந்தார். எடுத்தவள் எட்டு வயது மகள். தமையனார் அவளிடம் சொன்னது இது: “தாத்தா இந்த வாரம் தாண்டுவாரோ என்னவோன்னு டாக்டர் சொல்றார். அப்பாகிட்ட சொல்லும்மா.”

இரவு எட்டரைக்கு வீடு திரும்பினோம். மகள் ஓடிவந்து சொன்னாள்: “அப்பா, பெரியப்பா ஃபோன் பண்ணினார். தாத்தா இந்த வாரம் தாண்டிடுவார். டாக்டர் சொன்னார்.”

குழந்தை பொய் சொல்லவில்லை, ஒன்றையும் கூட்டவுமில்லை. தனக்குப் பொருள் தெரியாத ஓரெழுத்தையும் ‘என்னவோ’வையும் மட்டும் விட்டுவிட்டாள். உரையாசிரியர்கள் கொல்லை அசைநிலை ஆக்கியதுபோல எம் மகள் ஓகாரத்தை அசைநிலை ஆக்கிவிட்டாள். ‘தாண்டுவார்’ என்பது அவளுக்குத் தெரியும். ‘தாண்டுவாரோ என்னவோ’ என்பதை அவள் எங்கே கேட்டிருக்கப்போகிறாள்? எம் வீட்டில் அதற்குப் பதிலாக ஷாயத் அல்லவா வழங்கியது!

ஆனால் அவளைவிடப் பெரும்பிழை எம்முடையது. அன்றிரவே தமையனாரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நெஞ்சு விரும்பிய சொல் காதில் விழுந்ததும் ஐயுறத் தோன்றவில்லை. ஆராயாமல் தெளிவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று 510ஆம் குறள் சொல்கிறது. அதைப் பலமுறை படித்தவர் யாம். கணக்கு முடிந்ததும் ஏப்ரல் முதல் வாரத்தில் விடுப்பெடுத்து ஊர் போகலாம் என்று எண்ணி, அன்று நன்றாகச் சாப்பிட்டு உறங்கினோம். மறுநாளும் மறுநாளும் எம்மிடமிருந்து அழைப்பு வராததைக் கண்டு தமையனார் வருந்தியிருக்கிறார். தம்பிக்கு வேலைதான் பெரிது போலும் என்று எண்ணிக்கொண்டாராம். செய்தி சொன்னாயிற்று என்பது அவர் உறுதி. சேதம் ஒன்றுமில்லை என்பது எம் உறுதி. இடையில் விழுந்து கிடந்தது ஓர் ஓகாரம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தந்தையார் மறைந்தார். கடன் வாங்கியாவது விமானத்தில் சென்றிருக்கலாம் என்று பின்னர் எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. அன்று அந்த எண்ணமே எழவில்லை. இரயில்காரனுக்கு இரயிலே வழி. புதுடில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும். அங்கிருந்து ஊர். போய்ச் சேர்ந்தபோது திண்ணையில் கட்டில் வெறுமையாக இருந்தது. செவ்வாய் இரவே புறப்பட்டிருந்தால் வியாழன் மாலைக்குள் முகம் பார்த்திருக்கலாம். தமையனார் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நீராடிவிட்டு வரும் வழியில், “குழந்தைகிட்ட சொன்னேனே” என்றார். அப்போதுதான் அவர் சொன்னது இன்னதென்று கேட்டறிந்தோம். கேட்டபின் நெடுநேரம் இருவரும் வாய்க்கால் கரையில் நின்றோம்.

மகளிடம் இதை நெடுங்காலம் சொல்லவில்லை. குழந்தை மனத்தில் சுமையேற்ற எவருக்கு மனம் வரும்? வளர்ந்து, படித்து, வேலைக்கும் போகத் தொடங்கிய பின்னர், சென்ற பொங்கலன்று அவளே ‘கொல்’ பற்றி எமது குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சொன்னோம். அவள் அழவில்லை. “பெரியப்பா சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கப்பா” என்றாள். சொன்னோம். வாய்க்குள் அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்ப் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்; என்ன பேசினார்கள் என்று யாம் கேட்கவில்லை.

இந்த உரையை இம்மேடையில் சொல்லலாம் என்று இசைவு தந்தவளும் அவளே.

சென்ற சித்திரையில் ஊருக்குப் போகச் சீட்டுக்குப் பதிந்தோம். இரயில்வேயில் இருந்தும் என்ன பயன்? எல்லாரையும்போல எமக்கும் காத்திருப்போர் பட்டியலே வாய்த்தது. ஊரில் எம் அன்னையார் நாளுக்கொரு முறை அழைத்து வருகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மாலை மகள்தான் பேசினாள். “டிக்கெட் இன்னும் உறுதியாகலை பாட்டி. வருவோமோ என்னவோ” என்றாள். யாம் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மெல்லத் தாழ்த்தினோம். ஓகாரமும் என்னவோவும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. தொல்காப்பியரே கேட்டிருந்தாலும் குறை சொல்லியிரார்.

அன்னையாரின் குரல் அறை முழுவதும் கேட்டது: “என்னடி வருவோமோ என்னவோ? வரோம்னு சொல்லு!”

நாடகத்துக்குத் திரை தயாராகிவிட்டது என்று செயலாளர் அவர்கள் கைகாட்டுகிறார்.